மனச்சோர்வு மாத்திரையைச் சூழ்ந்த இரண்டு மௌனங்கள்

ஆடிக் கிருத்திகையில் பூக்காவடி சுமந்து வரும் பெருங்கூட்டத்தையும், ஆங்கில வருஷத்தின் கடைசி நாளில் 365 படிகளுக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடியபடி மலையேறும் பஜனைக் கோஷ்டிகளையும் ஆண்டுதோறும் கண்டு பழகிய திருத்தணிக்கு, மனிதனுடைய துக்கம் புதிய விஷயம் அன்று. சூரனோடு செய்த போரின் சினம் ஆறி முருகன் அமர்ந்த மலை இது என்ற ஐதிகத்தை ஒட்டி, மற்றப் படைவீடுகளில் கந்த சஷ்டியன்று நடைபெறும் சூரசம்ஹாரம் இங்கே நடைபெறுவதில்லை, புஷ்பாஞ்சலியே நடைபெறுகிறது. ஆகவே, சாந்தியை நாடி வருகிறவர்களின் க்ஷேத்திரம் என்று இதைச் சொல்வது மிகையாகாது. அவ்வாறு வருகிறவர்களிலும், அடிவாரத்தில் குடியிருந்து தறி ஓட்டியும் கடை வைத்தும் பிழைக்கிறவர்களிலும், பிரார்த்தனையோடு கூட மனச்சோர்வுக்கு மாத்திரையும் உட்கொள்கிறவர்கள் இன்று உண்டு. அந்த மாத்திரையை இரண்டு மௌனங்கள் சூழ்ந்திருக்கின்றன: அதன் பக்க விளைவுகளைப் பற்றி நோயாளியிடம் வைத்தியர் காக்கும் மௌனம் ஒன்று; அதை உட்கொள்கிறோம் என்பதையே மற்ற வைத்தியர்களிடம் சொல்லாமல் நோயாளி காக்கும் மௌனம் மற்றொன்று. மருந்தினால் நேரும் தீங்குகளில் பெரும்பகுதி இவ்விரண்டு மௌனங்களாலேயே நேருகிறது என்பதும், இவற்றைக் கலைப்பது நம்மால் ஆகாத காரியம் அன்று என்பதுமே நான் சொல்ல விரும்புவன.

முதலில் ஒன்றைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வு ஒரு நோய். அது சோம்பலோ, கோழைத்தனமோ, பூர்வ ஜன்மத்துப் பாபமோ அன்று. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் ஏறக்குறைய இருபது பேரில் ஒருவருக்கு இந்நோயின் அனுபவம் உண்டு என்று கண்டது. மனநோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் எவ்விதச் சிகிச்சையும் பெறாமலேயே இருக்கிறார்கள் என்பதையும் அதே கணக்கெடுப்பு எடுத்துக் காட்டிற்று. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவோக்செட்டின் முதலிய மருந்துகள், எழுந்து முகம் கழுவவும் மனமின்றிச் சுவரைப் பார்த்துக் கிடந்த எத்தனையோ பேரை மறுபடியும் அடுப்பங்கரைக்கும் தறிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பி வைத்திருக்கின்றன. ஆதலால், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரேனும் ஒருவர் தாம் உட்கொள்ளும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவாரானால், இதை எழுதியதன் நோக்கமே பாழாகிவிடும். மருந்தைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதன்று என் வாதம். அறிந்து உட்கொள்ள வேண்டும் என்பதே.

இம்மருந்துகளின் பிறப்பே ஒரு பக்க விளைவிலிருந்து உண்டானது என்பதை இங்கே நினைவு கூர்வது தகும். 1952ஆம் ஆண்டில், நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவிலுள்ள ஸீ வியூ மருத்துவமனையில், க்ஷயரோகிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, நுரையீரலுக்கென்று கொடுத்த அது, நம்பிக்கை இழந்து படுத்துக் கிடந்தவர்களின் மனத்தையும் தொட்டு அவர்களை உற்சாகத்தோடு எழுந்து நடமாடச் செய்ததை வைத்தியர்கள் கண்டு வியந்தார்கள். 1957இல் நேதன் க்ளைன் என்ற அமெரிக்க வைத்தியர் அதை மனச்சோர்வுக்கே மருந்தாகக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். அதே ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தில் ரோலண்ட் கூன் என்பவர் இமிப்ரமின் என்ற வேறொரு மருந்தின் குணத்தை வெளியிட்டார். இப்ரோனியாசிட் கல்லீரலைக் கெடுப்பது பின்னர்த் தெரியவந்து அது கைவிடப்பட்டது. ஆனால் அது திறந்த வழி மூடவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கு உண்டு. சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைத்துச் சித்தத்தையும் அமைதிப்படுத்தும் என்று 1931இல் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றில் வெளியிட்ட ஆராய்ச்சி அதனை உலகறியச் செய்தது. 1952இல் ஸ்விஸ் விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கென்று அதை உட்கொண்டவர்களில் சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வு தோன்றியதாக வைத்தியர்கள் குறித்து வைத்தார்கள். அது எவ்வளவு தூரம் மருந்தினால் விளைந்தது என்பதில் பிற்காலத்தில் விவாதம் எழுந்தது உண்மையே. ஆயினும் நுரையீரல் மருந்து மனத்தை உயர்த்தியதும், ரத்த அழுத்த மருந்து மனத்தைத் தாழ்த்தியதாகக் கருதப்பட்டதும் சேர்ந்து நமக்குப் புகட்டும் பாடம் தெளிவானது. இருதயத்துக்கு ஒரு வைத்தியர், எலும்புக்கு ஒரு வைத்தியர், மனத்துக்கு ஒரு வைத்தியர் என்று நாம் பிரித்து வைத்திருக்கலாம். உட்கொள்ளப்பட்ட மருந்து அந்தப் பிரிவினையை அறியாது.

இன்று பெருவழக்காய் உள்ள மாத்திரைகளின் செயலைப் பார்த்தாலே இது விளங்கும். செரட்டோனின் என்ற ரசாயனம் மூளையின் நரம்பணுக்களுக்கிடையே அதிக நேரம் தங்கும்படி இவை செய்கின்றன. ஆனால் நம் உடம்பிலுள்ள செரட்டோனினில் மிகப் பெரும்பகுதி இருப்பது மூளையில் அன்று, குடலில். அதனால்தான் மாத்திரை தொடங்கிய முதல் நாட்களில் குமட்டலும் வயிற்றுப் போக்கும் வருகின்றன. ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் செரட்டோனினைத் தாமாக உண்டாக்க மாட்டாமல் ரத்தத்திலிருந்து கவர்ந்து சேமித்து வைப்பவை. அந்தச் சேமிப்பை மாத்திரை தடுப்பதனால் ரத்தம் உறையும் சக்தி சற்றுக் குறைகிறது. தலைவலி, வியர்வை, தூக்கக் கேடு, கை நடுக்கம், தாம்பத்திய விஷயத்தில் நாட்டமும் சக்தியும் குன்றுதல் ஆகியவையும் உண்டு. இவற்றில் பல இரண்டொரு வாரங்களில் தாமாகவே தணியும். சில தணியாமல் நிற்கும். அப்போது அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வைத்தியருக்கு வழி உண்டு.

இதில் மிகவும் கவனிக்க வேண்டியது காலக்கிரமம். குமட்டலும் தலைவலியும் முதல் நாளிலிருந்தே வந்துவிடுகின்றன; மனத்துக்கு வரும் நன்மையோ இரண்டு வாரம், நாலு வாரம், சில சமயம் ஆறு வாரங்கூடக் கழித்தே வருகிறது. துன்பம் முந்தியும் சுகம் பிந்தியும் வரும் இந்த வரிசையை முன்கூட்டியே சொல்லப் பெறாத நோயாளி, நாலாம் நாள் மாத்திரை அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, "இங்கிலீஷ் மருந்து நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று தீர்மானித்துவிடுகிறார். நோய் அப்படியே இருக்கிறது. மறுபடி ஒரு வைத்தியரைத் தேடிச் செல்லும் நம்பிக்கையும் போய்விடுகிறது. "முதல் பத்து நாள் வயிறு புரட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள், அதற்குள் மனம் தெளியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்" என்று மூன்று வாக்கியம் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கக் கூடிய சிகிச்சை இது. பக்க விளைவுகளைச் சொன்னால் நோயாளி பயந்து மருந்தை விட்டுவிடுவார் என்று சொல்லாதிருக்கும் வைத்தியர்கள் இதைச் சற்று ஆலோசிக்க வேண்டும். தெரிந்து எதிர்பார்த்த குமட்டலை நோயாளி பொறுத்துக்கொள்கிறார். தெரியாமல் வந்த குமட்டலே அவரைப் பயமுறுத்துகிறது.

இனி இரண்டாவது மௌனத்துக்கு வருவோம். நம் ஊர்களில் இம்மருந்தை யாரும் அதன் சொந்தப் பெயரால் சொல்வதில்லை. "நரம்பு மாத்திரை" என்பார்கள், அல்லது "தூக்க மாத்திரை" என்பார்கள். பெண்ணுக்கு வரன் தகைய வேண்டும், பையனுக்கு உத்தியோகம் கிடைக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் வேறு விதமாகப் பேசக் கூடாது என்ற கவலைகளால், வீட்டுக்குள்ளேயே ஒருவருக்குத் தெரிந்தது மற்றொருவருக்குத் தெரியாமல் அது அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்படுகிறது. முழங்கால் வலிக்கு வேறொரு வைத்தியரிடம் போகும்போது, "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று அவர் கேட்டால், "பிரஷருக்கும் சுகருக்குந்தான்" என்று பதில் வருகிறது. ஊர் வாய்க்கு அஞ்சிப் பழகிய அந்த வெட்கம், வைத்தியருடைய அறைக்குள்ளும் கூடவே வந்து, நோயாளியின் உடம்புக்கே சத்துருவாகிவிடுகிறது.

பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்து நெசவாளி ஒருவரை, அறுபத்தைந்து வயதைக் கடந்தவரை, மனத்தில் கொள்வோம். அவருடைய மஞ்சள் பையை மருந்துக் கடை மேடையில் கொட்டினால் ஐந்து விதமான மாத்திரைகள் விழும். ரத்த அழுத்தத்துக்கென்று சிறுநீரை மிகுவிக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இருதயத்துக்காகத் திருப்பதி வைத்தியர் எழுதிய ஆஸ்பிரின், தறிக்குழியில் உட்கார்ந்து தேய்ந்த முழங்காலுக்கு உள்ளூர்க் கிளினிக்கில் கொடுத்த டைக்ளோஃபெனாக், மனைவியை இழந்த பின் வந்த சோர்வுக்குச் சென்னையில் எழுதிக் கொடுத்த எஸ்சிடலோபிராம். பத்து மாத்திரை கொண்ட அட்டையில் நாலை மட்டும் கத்தரித்துக் கொடுக்கும் வழக்கத்தால், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பல சமயங்களில் கடையிலிருக்கும் மீதித் துண்டோடு தங்கிவிடுகின்றன. வீட்டுக்கு வருவது வெறும் வெள்ளித் தகடும் அதற்குள் ஒரு வெள்ளை வில்லையுமே. ஐந்தும் தனித்தனியே சரியான மருந்துகள். எழுதியவர்கள் எவரும் பிழை செய்தவர் அல்லர். ஆனால் ஐந்தையும் ஒருங்கே பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அந்த ஐந்தும் அவர் உடம்பில் சந்திக்கும்போது என்ன நேரக்கூடும்? ஆஸ்பிரினும் டைக்ளோஃபெனாக்கும் இரைப்பையின் உட்புறத்தைப் புண்ணாக்கக் கூடியவை. மனச்சோர்வு மாத்திரை ரத்தம் உறைவதைத் தளர்த்துகிறது. மூன்றும் கூடினால் வயிற்றில் ரத்தக் கசிவு உண்டாகும் அபாயம் பெருகுகிறது. மலம் தார்போல் கறுத்துப் போவதே அதன் முதல் அடையாளம்; அதை அறியாதவர், முந்தின நாள் சாப்பிட்ட ஏதோ ஒன்றின் நிறமென்று எண்ணி விட்டுவிடுவார். மற்றோர் ஆபத்து உப்புச் சத்தைப் பற்றியது. முதியவர்களில் சிலருக்கு இம்மாத்திரை உடம்பில் நீரைத் தேக்கும் சுரப்பை மிகுவித்து ரத்தத்திலுள்ள சோடியத்தை நீர்க்கச் செய்கிறது. சோடியத்தைச் சிறுநீரில் கழிக்கும் ரத்த அழுத்த மாத்திரையும் சேரும்போது சோடியம் அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். தலை கனக்கும், வார்த்தை குழறும், நடை தள்ளாடும், கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியவுங்கூடும். வீட்டார், "அப்பாவுக்கு வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது" என்பார்கள். அல்லது மனநோய் முற்றிவிட்டதென்று முடிவு செய்து மாத்திரையின் அளவைக் கூட்டச் சொல்வார்கள். சிறிய ரத்தப் பரிசோதனை ஒன்றினால் தெரிந்து, தக்க சமயத்தில் திருத்திவிடக்கூடிய குறை இது. மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள் முதியவர் ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசுவாரானால், அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவது குடும்பத்தாரின் கடமை.

வலிக்குக் கொடுக்கும் டிரமடால், வறட்டு இருமலுக்கான சில பாகுகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் ஆகியவையும் செரட்டோனினை மிகுவிப்பவை. மனச்சோர்வு மாத்திரையோடு அவை கூடும்போது, அரிதாகவேனும், செரட்டோனின் அளவு கடந்துபோய்ப் பதற்றம், நடுக்கம், மிகுந்த வியர்வை, நாடி விரைந்து துடித்தல், தசைகள் துள்ளுதல், கடுமையான ஜுரம் என்று வளர்ந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இன்று கொடுக்கப்படும் லினிசோலிட் என்ற மருந்துக்கும் இக்குணம் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. காசநோய் மருந்திலிருந்து பிறந்த சரித்திரம் எழுபது ஆண்டுக்குப் பின் மறுபடியும் காசநோயாளியின் படுக்கையருகே வந்து நிற்கிறது. ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்கிறவர்களும், மார்பகப் புற்றுக்காக டாமாக்சிஃபென் உட்கொள்கிறவர்களும் இன்னும் அதிக ஜாக்கிரதையோடு இருக்க வேண்டும். டாமாக்சிஃபெனை உடம்பு பயனுள்ள சத்தாக மாற்றுவதைப் பராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து தடுத்துவிடுவதால், இரண்டையும் சேர்த்து நெடுநாள் உட்கொண்ட பெண்களிடையே புற்றுநோய் மரணம் அதிகமாயிருந்ததென்று கனடாவில் செய்து 2010இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறியது. அப்படிப்பட்டவர்களுக்கு வேறு மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன; முதலில் கேட்டறிய வேண்டும், அவ்வளவுதான்.

தாம் மனச்சோர்வு மருந்து உட்கொள்கிறோம் என்பதையே அறியாதவர்களும் உண்டு. சர்க்கரை நோயினால் பாதம் எரிகிறதென்று போனவர்களுக்கு அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுப்பது நல்ல சிகிச்சையே. ஆனால் வாய் உலர்தல், மலச்சிக்கல், முதியவர்களுக்குச் சிறுநீர் கட்டுதல், எழுந்து நிற்கையில் தலை சுற்றுதல் ஆகியவற்றை அது தரக்கூடும் என்று சொல்லப்படாவிட்டால், சித்திரை வெயிலில் படியேறப் புறப்படும் அவர் எதனால் தமக்குக் கண் இருட்டுகிறதென்று எப்படி அறிவார்? எஸ்சிடலோபிராமும் குளோனசிபாமும் ஒரே வில்லையில் சேர்ந்து விற்கப்படுகின்றன. குளோனசிபாம் பழக்கத்துக்கு அடிமைப்படுத்தக் கூடியது என்பது தெரியாமல் ஆண்டுக்கணக்காக அதை விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

மருந்துகளின் இந்தக் கூட்டு விபரீதங்கள் எப்படி வெளிப்பட்டன என்பதைப் பார்த்தால், அதில் மருந்துக் கடைக்காரருக்கு உள்ள கௌரவமான பங்கு தெரியும். 1963ஆம் ஆண்டில் லண்டனில் பாரி பிளாக்வெல் என்ற இளம் வைத்தியர், அக்காலத்து மனச்சோர்வு மருந்து ஒன்றை உட்கொண்டவர்களுக்குத் திடீரென ரத்த அழுத்தம் ஏறிக் கொடிய தலைவலி வருவதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியபோது, நாட்டிங்காம் நகரத்து மருந்தாளுநர் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார்: அம்மருந்தை உட்கொள்ளும் தம் மனைவிக்குப் பாலாடைக்கட்டி சாப்பிடும்போதெல்லாம் அப்படியே தலைவலி வருகிறது, இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமோ? முதலில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஆராய்ந்தபோது, நெடுநாள் புளிக்க வைத்த பாலாடைக்கட்டியிலுள்ள டைரமின் என்ற பொருளே காரணமென்று உறுதியாயிற்று. பேராசிரியர்கள் காணத் தவறியதை, வீட்டில் மனைவி சாப்பிடுவதையும் மருந்தையும் சேர்த்துப் பார்த்த ஒரு மருந்தாளுநர் கண்டார்.

மருந்துகளைச் சேர்த்துப் பாராமையின் விலை என்ன என்பதற்கு 1984இல் நியூயார்க்கில் நிகழ்ந்த லிபி சயன் என்ற பதினெட்டு வயது மாணவியின் மரணம் சாட்சி. ஃபெனல்சின் என்ற மனச்சோர்வு மருந்தை உட்கொண்டுவந்த அப்பெண் ஜுரத்தோடும் நடுக்கத்தோடும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, நடுக்கத்தை அடக்கப் பெத்திடின் ஊசி போடப்பட்டது. சில மணி நேரத்துக்குள் ஜுரம் மிகுந்து அவள் இறந்தாள். அவ்விரண்டு மருந்துகளின் மோதலே மரணத்துக்குக் காரணமாயிருக்கக் கூடுமென்று பரவலாகக் கருதப்படுகிறது. அவளுடைய தந்தை நடத்திய போராட்டத்தின் பயனாக, பயிற்சி வைத்தியர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டும் விதிகள் 1989இல் நியூயார்க் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தன.

மருந்தைச் சட்டென்று நிறுத்துவதும் ஓர் ஆபத்தே. தலை சுற்றல், எரிச்சல், உறக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்வு ஆகியவை தோன்றும்; விட்டுப்போன நோயும் திரும்பக்கூடும். சஷ்டி விரதத்தை முன்னிட்டு ஆறு நாள் மாத்திரையை விட்டுவிடுவதும், நேர்த்திக்கடன் செலுத்தியாயிற்று, இனிமேல் முருகன் பார்த்துக்கொள்வான் என்று அடியோடு நிறுத்துவதும் நம் பக்கத்தில் நடக்கக்கூடியவை. பக்தியைக் குறை சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, விருப்பமும் இல்லை. விரதம் இருக்கப் போகிறேன் என்று முன்பே வைத்தியரிடம் சொன்னால், நேரத்தை மாற்றி அமைத்துத் தருவார். நிறுத்தும் காலம் வந்துவிட்டதென்றால் சில வாரங்களில் படிப்படியாக அளவைக் குறைத்து நிறுத்துவார். மருந்தைத் தொடர்ந்துகொண்டே மலைக்கு வருகிறவனை முருகன் அங்கீகரிக்க மாட்டான் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

இளைஞர்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இம்மருந்துகளைத் தொடங்கும் ஆரம்ப வாரங்களில் சிறுவர்களிலும் இளைஞர்களிலும் சிலருக்குத் தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடும் என்று 2004இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருந்தின் விவரக்குறிப்பில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிடச் செய்தது. 2007இல் அதை 24 வயது வரையில் விரிவுபடுத்தியது. இதன் பொருள் அவர்களுக்கு மருந்து கூடாதென்பதன்று. முதல் சில வாரங்கள் அவர்களைத் தனியே விடாமல் கூர்ந்து கவனிக்க வேண்டும், அமைதியின்மையோ விபரீதப் பேச்சோ தென்பட்டால் அன்றே வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதே. அப்படி ஒரு நெருக்கடி வந்தால் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும், நாடெங்கும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் இரவு பகல் எந்நேரமும் உதவும்.

இவ்வளவையும் சொல்ல வைத்தியருக்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். அரசாங்க மருத்துவமனையின் புறநோயாளர் வரிசையைப் பார்த்த யாரும் அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய மாட்டார்கள். ஆனால் இது வைத்தியருடைய கருணையைப் பொறுத்த விஷயமாக இப்போது இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு, தமக்குத் தரப்படும் சிகிச்சையையும் அதன் அறியப்பட்ட பக்க விளைவுகளையும், தமக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் தெரிந்துகொள்ளும் உரிமையை மனநோயாளிக்கு வழங்கியிருக்கிறது. 2015ஆம் ஆண்டு மருந்தாளுநர் தொழில் ஒழுங்குவிதிகள், மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு நில்லாமல், அதன் முக்கியமான பக்க விளைவுகளையும் மற்ற மருந்துகளோடு ஏற்படும் மோதல்களையும் நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் கடமையை மருந்தாளுநருக்கு விதித்திருக்கின்றன. வைத்தியரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் அட்டவணையில் இம்மாத்திரைகள் சேர்ந்தவை. 2010இல் தொடங்கிய இந்திய மருந்து விழிப்புத் திட்டம், பக்க விளைவு கண்டவர்கள் தாங்களே தெரிவிக்கத் தமிழிலும் தெலுங்கிலும் படிவம் வைத்திருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் வைத்திருக்கிறது. சட்டத்திலும் திட்டத்திலும் குறையில்லை. அவை நோயாளியின் காதுவரை வந்து சேரவில்லை என்பதே குறை.

'புரியும் மொழியில்' என்று சட்டம் சொல்வது திருத்தணிக்கு மற்ற ஊர்களைக் காட்டிலும் அதிகம் பொருந்தும். எல்லைப் போராட்டத்தின் பின் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி இந்தப் பிராந்தியம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆனால் வரைபடத்தில் கோடு விழுந்ததனால் ஜனங்களின் போக்குவரத்து நின்றுவிடவில்லை. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் தெலுங்கு பேசுகிறவர்கள் இங்கே மருந்து வாங்க வருகிறார்கள். இங்கிருந்து திருப்பதிக்கும் வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியம் பார்க்கப் போகிறார்கள். சீட்டு ஆங்கிலத்தில், அட்டையிலுள்ள எழுத்து ஆங்கிலத்தில், உட்கொள்கிறவர் அறிந்தது தமிழோ தெலுங்கோ. மூன்று நகரங்களின் சிகிச்சையும் ஓரிடத்தில் கூடுவது இந்தக் கடைவீதி மருந்துக் கடையின் மேடையில்தான்.

ஆகவே என் யோசனைகள் மூன்று, மூன்றும் எளியவை. மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுக்கும் ஒவ்வோர் இடத்திலும், முதல் வாரங்களில் எதிர்பார்க்க வேண்டியவை, உடனே வந்து சொல்ல வேண்டியவை, சேர்த்து உட்கொள்ளக் கூடாதவை, தாமாக நிறுத்தக் கூடாதென்பது ஆகிய நான்கையும் பெரிய எழுத்தில் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்ட ஒற்றைத் தாள் ஒன்று நோயாளியின் கையில் கொடுக்கப்பட வேண்டும். ஜில்லா மனநலத் திட்டத்தார் மனம் வைத்தால் இதற்கு ஆகும் செலவு அற்பமே. 2021 முதல் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள், அந்த வீட்டிலுள்ள மற்ற மாத்திரைகளையும் எடுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரிடம் காட்டும்படி பணிக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, மருந்துக் கடைக்காரர்கள் அட்டையைக் கத்தரிக்கும்போது பெயருள்ள பகுதியை நோயாளிக்குக் கொடுத்து, வலி மாத்திரையும் இருமல் பாகும் கேட்டு வருகிறவரிடம், "நரம்புக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா, ஐயா?" என்று மற்றவர் காதில் விழாதபடி ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

வாசகர்களில் இம்மருந்தை உட்கொள்கிறவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் என் வேண்டுகோள் இது. உங்கள் மாத்திரைகள் அனைத்தின் பெயரையும் அளவையும், நாட்டு மருந்தும் லேகியமும் உட்பட, ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள்; பல் பிடுங்கப் போனாலும், ஜுரத்துக்கு ஊசி போடப் போனாலும், அதை முதலில் எடுத்துக் காட்டுங்கள். மனச்சோர்வு மாத்திரையின் பெயரை அதிலிருந்து விட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பதில் எவ்வளவு வெட்கம் உண்டோ அவ்வளவே இதிலும் உண்டு. அதாவது, வெட்கப்பட ஒன்றுமே இல்லை.